எஸ்க்யூஎல் ஃபங்ஷன் தப்பான விடை தருகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

எஸ்க்யூஎல்லில், அதாவது டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற மொழியில், எழுதிய ரிப்போர்ட்டில் எரர் வந்தால் அது நல்ல காலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வரியில் சிக்கல் என்று டேட்டாபேஸே சொல்லிவிடும், படித்துப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். எரர் எதுவும் காட்டாமல், நம்பும்படியாக ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு அந்த எண் தப்பாக இருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அதை வைத்துத்தான் கடைக்காரர் ஒருவருக்குப் பணம் கொடுப்பார், இன்னொருவரிடம் பாக்கி கேட்பார், மாசக் கடைசியில் சண்டையும் வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து ரப்பர் கடைகளுக்கும் தோவாளை பூ வியாபாரிகளுக்கும் கொள்முதல் ரிப்போர்ட், பாக்கி ரிப்போர்ட் எழுதிக்கொடுக்கிற வேலை எனக்கு. அங்கே திரும்பத் திரும்ப வருகிற தொல்லைகளைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை வைத்துச் சொல்கிறேன், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூஎல் சர்வர் வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஃபங்ஷனைக் கழற்றுங்கள். சம், கவுண்ட், டேட், ரவுண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குழு பிரிக்கிற குரூப் பையையும் எடுத்துவிட்டு, அதே ஜாயின் (டேபிள்களை இணைக்கிற பகுதி), அதே வேர் (வரிசைகளை வடிகட்டுகிற பகுதி) நிபந்தனையோடு ஒரே ஒரு ஆளுடைய ஒரு வாரத்து வரிசைகளை மட்டும் திரையில் கொண்டுவாருங்கள். பத்துப் பதினைந்து வரிசைக்கு மேல் வேண்டாம். கையாலேயே கூட்டிப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு ஃபங்ஷனாகத் திரும்பப் போட்டு, எந்த இடத்தில் எண் மாறுகிறது என்று கவனியுங்கள். கீழே இருக்கிற சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையிலேயே வெளியே வந்துவிடும்.

ஃபங்ஷன் இல்லை என்று எரர் வருகிறது, ஆனால் ஃபங்ஷன் இருக்கிறது

மைஎஸ்க்யூஎல்லில் ஃபங்ஷன் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடம் விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சம் (தொகை) என்று இடம் விட்டு எழுதினால் 1630 என்ற எண்ணோடு அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று சொல்லும், கவுண்ட் (*) என்று எழுதினால் 1064, அதாவது இலக்கணப் பிழை. இடத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

இடம் சரியாக இருந்தும் 1305 வந்தால், வேறு டேட்டாபேஸின் ஃபங்ஷனை இங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கெட்டேட் எஸ்க்யூஎல் சர்வருக்கு உரியது, மைஎஸ்க்யூஎல்லில் நவ். எங்கே போனாலும் ஓட வேண்டும் என்றால் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் என்று எழுதிப் பழகுங்கள். இதே குழப்பம் இஸ்நல்லில் இன்னும் மோசம். எஸ்க்யூஎல் சர்வரில் இஸ்நல்(தொகை, 0) என்றால் தொகை காலியாக இருந்தால் 0 கொடு என்று பொருள், மைஎஸ்க்யூஎல்லில் இஸ்நல் ஒரே ஒரு மதிப்பைத்தான் வாங்கும், காலியா இல்லையா என்று 1 அல்லது 0 சொல்லும். இரண்டு கொடுத்தால் 1582. இந்த வேலைக்கு மைஎஸ்க்யூஎல்லில் இஃப்நல், ஆரக்கிளில் என்விஎல் என்று ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. கோலெஸ் எல்லாவற்றிலும் உண்டு, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எரர் எண் 1111 அல்லது 1055

1111 என்றால் வேர் உள்ளே சம், கவுண்ட் மாதிரி ஏதோ போட்டிருக்கிறீர்கள். வேர் ஓடும்போது இன்னும் குழு பிரிக்கவே இல்லை, அப்புறம் குழுவின் கூட்டுத்தொகை எங்கிருந்து வரும்? அந்த நிபந்தனையை ஹேவிங்கிற்கு மாற்றுங்கள். ஆனால் ஊர், தேதி மாதிரி ஒவ்வொரு வரிசையிலேயே தெரிகிற நிபந்தனைகளை வேரிலேயே விட்டுவிடுங்கள், அவற்றையும் தூக்கி ஹேவிங்கில் போட்டால் தேவையில்லாத வரிசைகளையும் சேர்த்துக் குழு பிரிக்கிற வேலை வரும்.

1055 என்றால் குரூப் பையில் இல்லாத ஒரு நெடுவரிசையைச் சும்மா கேட்டிருக்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல் 5.7.5இல் இருந்து இது இயல்பாகவே தடை. அந்தத் தடையை செட்டிங்கில் அணைத்துவிடச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். உதாரணமாக ஒவ்வொரு விவசாயியும் கடைசியாக ரப்பர் ஷீட் கொண்டுவந்த தேதியையும் அன்றைய விலையையும் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக்ஸ்(தேதி), விலை என்று கேட்டு, தடையை அணைத்துவிட்டால் தேதி கடைசி நாளுடையதாக இருக்கும், விலை அந்த ஆளுடைய ஏதோ ஒரு வரிசையில் இருந்து வரும். எரர் வராது, இரண்டும் சேர்ந்த மாதிரியே இருக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0 அல்லது போஸ்ட்கிரஸ் இருந்தால் ரோ_நம்பர்() ஓவர் (பார்டிஷன் பை விவசாயி ஆர்டர் பை தேதி டெஸ்க்) என்று எண் போட்டு, வெளியே இன்னொரு செலெக்ட்டில் எண் 1 உள்ள வரிசையை மட்டும் எடுங்கள். முழு வரிசையும் ஒன்றாக வரும்.

கூட்டுத்தொகை இருக்க வேண்டிய இடம் காலியாக வருகிறது

சம் உள்ளே நல் (மதிப்பே எழுதாத காலிக் கட்டம்) இருந்தால் அது அதைத் தாண்டிப் போய்விடும், மற்றதைக் கூட்டிவிடும். அப்படியானால் காலி எப்போது வரும்? கூட்டுவதற்கு ஒரு வரிசைகூட இல்லாதபோது, அல்லது இருக்கிற எல்லாமே நல் ஆக இருக்கும்போது. இங்கே கோலெஸ் எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயம். சம்(கோலெஸ்(தொகை, 0)) என்று உள்ளே போட்டால் வரிசையே இல்லாத நாளில் அப்போதும் நல்தான் வரும். கோலெஸ்(சம்(தொகை), 0) என்று வெளியே போட வேண்டும்.

ஒரே வரிசைக்குள் கூட்டுவது வேறு கதை. ஷீட் தொகை + ஒட்டுப்பால் தொகை என்று எழுதி, ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிக் கிடக்கிற ரப்பர்) கொண்டுவராத ஆளுக்கு அந்தக் கட்டம் நல் ஆக இருந்தால் மொத்தமே நல் ஆகிவிடும், ஷீட்டுக்கு வர வேண்டிய காசும் போய்விடும். அங்கே இரண்டு கட்டத்துக்கும் தனித்தனியாக உள்ளே கோலெஸ் வேண்டும். பெயரையும் ஊரையும் ஒட்டுகிற கான்கேட்டும் இதே மாதிரி, மைஎஸ்க்யூஎல்லில் ஒரு துண்டு நல் என்றால் முழு விடையும் நல். கான்கேட்_டபிள்யூஎஸ் காலித் துண்டைத் தாண்டிப் போகும், முகவரி ஒட்டுவதற்கு அதுதான் சரி. மைஎஸ்க்யூஎல்லில் இரட்டைக் கோடு || போட்டு ஒட்டப் பார்த்து 0, 1 என்று வந்தால் குழம்ப வேண்டாம், அங்கே அதற்கு இயல்பான பொருள் 'அல்லது'.

சராசரி நம்பும்படி இல்லை

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு பெரும்பாலும் ஃபங்ஷனிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே கிடைக்கிற மாவட்டம் இது. ரெயின் கார்டு (மரத்தின் வெட்டுப்பட்டையில் மழைத்தண்ணீர் படாமல் கட்டுகிற மறைப்பு) கட்டாத தோட்டத்தில் மழை பெய்தால் அன்றைக்குப் பால்வெட்டு கிடையாது. அந்த நாளை டேபிளில் எப்படி எழுதுகிறார்கள்? ஒருவர் 0 போடுகிறார், இன்னொருவர் கட்டத்தைக் காலியாக விடுகிறார், மூன்றாமவர் வரிசையே சேர்ப்பதில்லை. ஐந்து நாளில் மூன்று நாள் 20 ஷீட், இரண்டு நாள் மழை என்றால், 0 போட்டவருடைய சராசரி 12, மற்ற இரண்டு பேருக்கும் 20. தோட்டமும் ஒன்று, விளைச்சலும் ஒன்று, ஏவிஜி ஃபங்ஷனும் ஒன்று. நல் உள்ள வரிசையை ஏவிஜி கூட்டலிலும் சேர்க்காது, வகுப்பதற்கான எண்ணிக்கையிலும் சேர்க்காது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

கோலெஸ் போட்டு எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடலாமே என்று உடனே கை போகும். அவசரப்படாதீர்கள். தோட்டக்காரருக்கு வேண்டியது பால்வெட்டிய நாளின் சராசரியா, வாரத்தின் எல்லா நாளுக்குமான சராசரியா என்று அவரிடமே கேளுங்கள். முதலாவது என்றால் 0 இருக்கிற இடங்களை நல்லிஃப்(ஷீட், 0) போட்டு நல் ஆக்குங்கள், இரண்டாவது என்றால் சம்(ஷீட்) எடுத்து நாட்களின் எண்ணிக்கையால் நீங்களே வகுத்துவிடுங்கள், ஏவிஜியை நம்பி இருக்க வேண்டாம். எடை போட மறந்துபோன வரிசைக்கு 0 போடுவது மட்டும் எப்போதும் தப்பு, அது இல்லாத ஒரு விளைச்சலைச் சொல்கிறது.

அடுத்தது விலையின் சராசரி. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒருவரிடம் 10 கிலோ 180 ரூபாய்க்கு, இன்னொருவரிடம் 90 கிலோ 200 ரூபாய்க்கு வாங்கினால், ஏவிஜி(விலை) 190 என்று சொல்லும். ஆனால் கடைக்காரர் 100 கிலோவுக்குக் கொடுத்தது 19,800 ரூபாய், கிலோவுக்கு 198. சம்(கிலோ * விலை) / சம்(கிலோ) என்று எழுதினால்தான் அவர் கையிலிருந்து போன காசு தெரியும். தோவாளையில் ஓணம் நேரத்தில் கேரளாவுக்குப் பூ போகும்போது விலை காலையில் ஒன்று, கொஞ்ச நேரத்தில் ஒன்று என்று ஏறும் இறங்கும், அந்த நாட்களில் வெறும் ஏவிஜிக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவே இடைவெளி பெரிதாகவே இருக்கும்.

சராசரியில் புள்ளிக்குப் பின்னால் எதுவுமே வரவில்லையா? எஸ்க்யூஎல் சர்வரில் முழு எண் நெடுவரிசையின் ஏவிஜி முழு எண்ணாகத்தான் வரும். அங்கேயும் போஸ்ட்கிரஸிலும் எஸ்க்யூலைட்டிலும் 7 / 2 என்றால் 3. ஒரு பக்கத்தை 1.0 ஆல் பெருக்கிவிடுங்கள். வகுக்கும் எண் 0 ஆக வாய்ப்பு இருந்தால் நல்லிஃப்(எண்ணிக்கை, 0) என்று போட்டுவிடுங்கள், போஸ்ட்கிரஸ் அந்த இடத்தில் மொத்த க்வெரியையும் நிறுத்திவிடும்.

எண்ணிக்கை ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது

கவுண்ட்(*) வரிசைகளை எண்ணும், கவுண்ட்(போன்) என்றால் போன் கட்டம் நல் இல்லாத வரிசைகளை மட்டும் எண்ணும். இரண்டும் வேறு வேறு எண் சொன்னால் இரண்டுமே சரிதான்.

லெஃப்ட் ஜாயின் போட்டு விவசாயி வாரியாகக் கொள்முதலை எண்ணும்போது, ஒரு முறைகூட வராத ஆளுக்கும் 1 என்று காட்டுகிறதா? அந்த ஆளுக்குக் கொள்முதல் பக்கம் எல்லாம் நல் ஆக ஒரு வரிசை வந்திருக்கும், கவுண்ட்(*) அதையும் எண்ணிவிட்டது. கவுண்ட்(கொள்முதல்.எண்) என்று எழுதுங்கள், 0 வரும். அந்த ஆளே பட்டியலில் இல்லை என்றால் கொள்முதல் டேபிளின் நிபந்தனை ஒன்றை வேரில் எழுதியிருப்பீர்கள், அதை ஜாயினின் ஆன் பகுதிக்கு மாற்றுங்கள்.

பாக்கி கூடுதலாகக் காட்டுகிறது

"மக்கா, இந்த ஆளுக்கு இவ்வளவு பாக்கி வராதே" என்று கடைக்காரர் கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு விவசாயி மூன்று தடவை ஷீட் கொண்டுவந்திருக்கிறார்: 4000, 5000, 6000. மொத்தம் 15,000. நடுவே இரண்டு தடவை முன்பணம் வாங்கியிருக்கிறார்: 2000, 3000. மொத்தம் 5000. கொடுக்க வேண்டியது 10,000. ஆனால் ரிப்போர்ட் 15,000 என்கிறது.

விவசாயி டேபிளோடு கொள்முதலையும் முன்பணத்தையும் ஒரே க்வெரியில் ஜாயின் செய்திருக்கிறார்கள். சம்மைக் கழற்றிவிட்டு வரிசைகளைப் பாருங்கள், மூன்றும் இரண்டும் பெருகி ஆறு வரிசை நிற்கும். ஒவ்வொரு கொள்முதலும் இரண்டு தடவை, ஒவ்வொரு முன்பணமும் மூன்று தடவை. கூட்டினால் கொள்முதல் 30,000, முன்பணம் 15,000, கழித்தால் 15,000. இந்தத் தப்பு ஏன் பல மாசம் வெளியே தெரியாமல் இருக்கிறது என்றால், ஒரே ஒரு முன்பணமும் ஒரே ஒரு கொள்முதலும் உள்ள ஆட்களுக்குக் கணக்கு சரியாகவே வரும். டெஸ்ட் செய்யும்போது நாம் போடுகிற மாதிரித் தரவும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். டெஸ்ட் தரவில் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டு வரிசை வையுங்கள்.

சம்(டிஸ்டிங்க்ட் தொகை) போட்டால் சரியாகிவிடுகிறதே என்று சிலர் அதோடு விட்டுவிடுவார்கள். இந்த உதாரணத்தில் சரியாகத்தான் வரும். ஆனால் அந்த ஆள் அடுத்த வாரம் இன்னொரு தடவை 5000 ரூபாய்க்கு ஷீட் கொண்டுவந்தால், இரண்டு 5000இல் ஒன்று காணாமல் போகும். பாடுபட்டவருடைய காசு அது. ஆகவே இரண்டு டேபிளையும் தனித்தனியாக விவசாயி எண் வாரியாகக் கூட்டி, ஆளுக்கு ஒரு வரிசை என்று ஆக்கிவிட்டு, அப்புறம் ஜாயின் செய்யுங்கள். இதற்குச் சுருக்குவழி கிடையாது. முன்பணமே வாங்காதவருக்கு நல் வரும் என்பதால் வெளியே கழிக்கிற இடத்தில் கோலெஸ் மறக்க வேண்டாம்.

இன்றைய கணக்கில் விடியற்காலை பில்கள் இல்லை

தோவாளைப் பூச்சந்தை விடிவதற்கு முன்பே கூடிவிடும். மீன் இறங்குகிற இடங்களிலும் அப்படித்தான். பத்து மணிக்குக் கடை திறக்கிறவர்களுக்கு வராத ஒரு தொல்லை இவர்களுக்கு வரும்: திங்கட்கிழமை காலை மூன்றரைக்குப் போட்ட பில் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

செலெக்ட் நவ்() என்று ஓட்டி, வருகிற நேரத்தைக் கையில் இருக்கிற போனோடு ஒப்பிடுங்கள். ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. வாடகைக்கு எடுக்கிற கிளவுட் சர்வர்களில் இது சாதாரணம். நம்முடைய திங்கள் 3:30 அங்கே ஞாயிறு இரவு 10:00. அப்போது டேட்(பில்_நேரம்) என்று எடுத்தால் ஞாயிற்றுக்கிழமைதான் வரும், ஃபங்ஷன் சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறது. காலை ஐந்தரைக்கு முன்னால் போட்ட பில்கள் எல்லாம் முந்தின நாளுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு போட்டவை சரியாக இருக்கும், அதனால்தான் தொகை பாதி சரி பாதி தப்பு என்று வந்து தலையைச் சுற்றும்.

சரிசெய்கிற விதம் நெடுவரிசையின் வகையைப் பொறுத்தது. டைம்ஸ்டாம்ப் வகை என்றால் மைஎஸ்க்யூஎல் உள்ளே யூடிசியாகத்தான் வைத்திருக்கும், கேட்கும்போது செஷனின் நேரமண்டலத்துக்கு மாற்றிக் கொடுக்கும். கனெக்ஷன் திறந்த உடனே செட் டைம்_ஸோன் = '+05:30' என்று ஒரு வரி போட்டால் பழைய பில்லும் புதிய பில்லும் சேர்ந்து சரியாகிவிடும். டேட்டைம் வகை என்றால் எழுதியது எழுதியபடியே இருக்கும், செஷனை மாற்றினாலும் பழையது அசையாது. இந்த நிலைமையில் செஷன் நேரத்தை மட்டும் மாற்றிவிட்டால் நேற்று வரை போட்டது யூடிசி, இன்றிலிருந்து போடுவது நம் நேரம் என்று ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்துவிடும், அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. முதலில் பேக்கப், பிறகு பழைய வரிசைகளை ஐந்தரை மணி நேரம் முன்னே தள்ளுவது, அதன் பிறகுதான் செட்டிங். கடை மூடிய நேரத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுங்கள்.

டேட்டாவைத் தொடாமல் ரிப்போர்ட்டில் மட்டும் மாற்ற வேண்டும் என்றால் கன்வெர்ட்_டிஸெட்(பில்_நேரம், '+00:00', '+05:30') போதும். ஊர்ப் பெயரில் நேரமண்டலம் கொடுத்து விடை நல் ஆக வந்தால் சர்வரில் நேரமண்டல டேபிள்கள் ஏற்றப்படவில்லை என்று அர்த்தம். இந்தியாவில் கோடைக்கு ஒரு நேரம் குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றுவது இல்லை, ஆகவே எண்ணாகவே கொடுக்கலாம்.

மாசக் கடைசி நாள் மட்டும் குறைகிறதா? பிட்வீன் '2025-08-01' அண்ட் '2025-08-31' என்று எழுதியிருப்பீர்கள். நேரமும் சேர்ந்த நெடுவரிசையில் பின்னால் உள்ளது 31ஆம் தேதி நள்ளிரவு 00:00:00 என்றுதான் எடுக்கப்படும், அன்றைய பகல் முழுக்க வெளியே. >= '2025-08-01' அண்ட் < '2025-09-01' என்று எழுதுங்கள். டேட்டிஃப் கழித்தல் குறியோடு வந்தால் வரிசையை மாற்றிப் போடுங்கள்: மைஎஸ்க்யூஎல்லில் பிந்தைய தேதி முதலில், எஸ்க்யூஎல் சர்வரில் தொடக்கத் தேதி முதலில். டேட்_ஃபார்மேட்டில் மாசம் இருக்க வேண்டிய இடத்தில் நிமிடமோ மாசப் பெயரோ வந்தால்: சின்ன எம் மாச எண், பெரிய எம் மாசப் பெயர், நிமிடத்துக்குச் சின்ன ஐ.

தமிழ்ப் பெயரை வெட்டினால் எழுத்து சிதைகிறது, ஒரே ஊர் இரண்டு தடவை வருகிறது

மைஎஸ்க்யூஎல்லில் லெங்த்('மார்த்தாண்டம்') என்று கேட்டால் 39 வரும். கேர்_லெங்த் கேட்டால் 13. நாம் எண்ணினால் ஏழு எழுத்து. மூன்றும் சரி. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், லெங்த் பைட்டை எண்ணுகிறது. கேர்_லெங்த் யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது, அதற்குக் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி. லெஃப்ட்('மார்த்தாண்டம்', 3) கேட்டால் 'மார' என்று புள்ளி உதிர்ந்து வரும். ரசீதில் இடம் போதவில்லை என்று பெயரை இப்படி வெட்டினால் அசிங்கமாகத்தான் இருக்கும், வெட்டுகிற வேலையை டேட்டாபேஸில் செய்யாமல் அச்சடிக்கிற இடத்தில் செய்வது நல்லது. அகரவரிசைப் பட்டியலுக்கு முதல் எழுத்து வேண்டும் என்றால் மட்டும் லெஃப்ட்(பெயர், 1) உண்மையிலேயே வசதி, மா, மு, மே எல்லாம் 'ம' என்ற ஒரே தலைப்பில் வந்துவிடும்.

குரூப்_கான்கேட் போட்டு ஊர்ப் பெயர்களை ஒரே வரியில் கோத்தால் பாதியில் நின்றுவிடுகிறதா? மைஎஸ்க்யூஎல்லில் அதன் இயல்பான அளவு 1024 பைட். ஆங்கிலத்தில் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து கிடைக்கும், தமிழுக்கு 341 குறியீடுதான். மார்த்தாண்டம் அளவுக்கு நீளமான பெயர்கள் என்றால் காற்புள்ளியோடு 25 பெயரில் நிறைந்துவிடும், 26ஆவது வெட்டுப்படும். எரர் வராது, ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், ஷோ வார்னிங்ஸ் போட்டுப் பார்த்தால் 1260 என்று தெரியும். செட் செஷன் குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் = 100000 என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

ஊர் வாரி ரிப்போர்ட்டில் தோவாளை இரண்டு வரிசையாக வந்தால், பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தால், இதைப் போட்டுப் பாருங்கள்: செலெக்ட் ஊர், லெங்த்(ஊர்), கேர்_லெங்த்(ஊர்), ஹெக்ஸ்(ஊர்), கவுண்ட்(*) ஃப்ரம் விவசாயி குரூப் பை ஊர், ஹெக்ஸ்(ஊர்). ஒன்றுக்கு 18, 6 என்றும் இன்னொன்றுக்கு 21, 7 என்றும் வந்தால் விஷயம் 'தோ'வில் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய பட்டியல்களில் இரண்டாவது வகை வரலாம். போஸ்ட்கிரஸ் இயல்பாக இவற்றை வேறு வேறு என்றே எடுத்துக்கொள்ளும், பைனரி ஒப்பீடு வைத்த மைஎஸ்க்யூஎல்லும் அப்படித்தான். போஸ்ட்கிரஸ் 13இல் இருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ரீப்ளேஸ் வைத்து இரண்டு குறியீட்டை ஒன்றாக மாற்றுங்கள், ஒகரத்துக்கும் அதையே செய்யுங்கள். ஒரு தடவை திருத்திவிட்டு, புதிதாகச் சேர்க்கிற இடத்திலும் அதே திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.

இரண்டு தோவாளைகளில் ஒன்றுக்குக் கேர்_லெங்த்தில் ஒன்று கூடுதல், ட்ரிம் போட்டும் போகவில்லை என்றால், பைட்டுகளை அப்படியே காட்டுகிற ஹெக்ஸின் கடைசியைப் பாருங்கள். 20 என்றால் சாதாரண இடைவெளி, ட்ரிம் அதை மட்டும்தான் எடுக்கும். 09 டேப், 0டி எக்செல் கோப்பில் இருந்து ஒட்டிக்கொண்டு வருகிற வரிமுடிவு, சி2ஏ0 என்றால் வெப் பக்கத்தில் இருந்து காப்பி செய்யும்போது வருகிற பிரியா இடைவெளி. இவற்றை ரீப்ளேஸ் செய்தால்தான் போகும்.

நாகர்கோவில், நாகர்கோயில், குளச்சல், கொளச்சல் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவதற்கு மட்டும் எந்த ஃபங்ஷனும் மருந்து இல்லை. ஊருக்குத் தனி டேபிள் வைத்து, தட்டுவதற்குப் பதில் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள்.

மேக்ஸ் கேட்டால் சின்ன எண் வருகிறது, கூட்டினால் ரூபாய் குறைகிறது

அந்த நெடுவரிசை எண்ணாக இல்லை, எழுத்தாக இருக்கிறது. எழுத்து ஒப்பீட்டில் '95' என்பது '180'ஐ விடப் பெரியது, '31/01/2025' என்பது '05/12/2025'ஐ விடப் பிந்தியது. காஸ்ட்(விலை ஆஸ் டெசிமல்(10,2)) போடுங்கள், தேதிக்கு எஸ்டிஆர்_டு_டேட். எண்ணில் காற்புள்ளி இருந்தால் இன்னும் கவனம்: மைஎஸ்க்யூஎல் '1,250' என்பதை 1 என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கையோடு நகர்ந்துவிடும். முதலில் காற்புள்ளியை ரீப்ளேஸ், பிறகு காஸ்ட். நெடுவரிசையின் வகையையே மாற்றிவிட முடிந்தால் அதுதான் உத்தமம்.

ஒரு பைசா, இரண்டு பைசா இடிக்கிறது என்றால் ரவுண்ட் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். 33.335 மூன்று வரி இருந்தால், வரிவரியாக ரவுண்ட் செய்து கூட்டினால் 100.02, கூட்டிவிட்டு ரவுண்ட் செய்தால் 100.01. பில்லில் அச்சாவது எப்படியோ ரிப்போர்ட்டும் அப்படியே இருக்க வேண்டும். காசு நெடுவரிசை ஃப்ளோட் ஆக இருந்தால் அதை டெசிமல் ஆக மாற்றும் வரை இந்தப் பிரச்சினை தீராது.

விடை சரி, ஆனால் ரிப்போர்ட் வர நேரம் எடுக்கிறது

வேர் டேட்(பில்_நேரம்) = '2025-08-20' என்று நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால், பில்_நேரத்துக்கு இருக்கிற சாதாரண இண்டெக்ஸ் (வரிசையை வேகமாகத் தேடுவதற்கான அட்டவணை) பயன்படாது, ஒவ்வொரு வரிசையாக எடுத்து ஃபங்ஷனை ஓட்டிப் பார்க்க வேண்டி வரும். நெடுவரிசையைத் தனியாக விட்டுவிட்டு, மேலே சொன்ன மாதிரி >= '2025-08-20' அண்ட் < '2025-08-21' என்று எழுதுங்கள். இயர்(), மந்த்() போட்டுத் தேடுகிற இடங்களுக்கும் இதேதான். எக்ஸ்ப்ளெய்ன் போட்டு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், எத்தனை வரிசை படிக்கப்படுகிறது என்ற எண் குறைவதைப் பார்க்கலாம். ஃபங்ஷனைத் தவிர்க்கவே முடியாத இடத்தில், உதாரணமாகப் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வைத்து ஆளைத் தேடும்போது, அந்த ஃபங்ஷனின் விடைக்கே இண்டெக்ஸ் போடலாம். போஸ்ட்கிரஸில் இது நெடுநாளாக உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் 8.0.13இல் இருந்து. ஆனால் க்வெரியில் எழுதுகிற ஃபங்ஷனும் இண்டெக்ஸில் எழுதியதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றில் ரைட்(போன், 4), இன்னொன்றில் சப்ஸ்ட்ரிங் என்று இருந்தால் டேட்டாபேஸ் அந்த இண்டெக்ஸைத் தொடாது.